பச்சை பட்டனுக்குப் பின்னாடி யாரு?



மினி ப்ராஜெக்ட்டுக்கு டைட்டில் பிடிக்கிற கூத்தைப் போன வாரம் பார்த்தோம். டைட்டில் ஓகே ஆகி, ஹெச்.ஓ.டி. கையெழுத்தும் வாங்கியாச்சுன்னா, அடுத்த கேள்வி ரெடியா நிக்கும். 'சரி, இதை யாரு செய்யப்போறது?'

நம்ம ஊர் இன்ஜினீயரிங் காலேஜ்கள்ல இதுக்கு ரெண்டு பதில் உண்டு. ஒண்ணு, நாமளே செய்றது. ரெண்டாவது, பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில போர்டு மாட்டியிருக்கிற ப்ராஜெக்ட் சென்டருக்குப் போய், டைட்டிலையும் காசையும் கொடுத்துட்டு, கோடு, ரிப்போர்ட், பி.பி.டி. மூணையும் பென் டிரைவ்ல வாங்கிட்டு வர்றது. ரெண்டாவது பதிலைச் சொல்றவங்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஏன்னா, எங்க டீமும் அந்த மாடிப்படி வரைக்கும் போச்சு!

டீம்னா மூணே பேர். நான், என் ரூம்மேட், அப்புறம் நாலு அரியரோட எங்ககூட சேர்ந்த ஒரு தோழி. ''எனக்கு சாதா ஜாவாவே தகராறு. இதுல என்டர்பிரைஸ் ஜாவா வேறயா? ஆளுக்கு மூவாயிரம் போட்டு வாங்கிடலாம்டீ''ன்னு ஆரம்பிச்சது அவதான். படி ஏறுறதுக்கு முன்னாடி அவளே பர்ஸைத் திறந்து பார்த்துட்டு, ''மெஸ் பில் கட்டணுமே...''ன்னு இழுத்தா. அப்படியே திரும்பி, கீழ இருந்த கடையில டீ குடிச்சுட்டு ஹாஸ்டலுக்கு வந்துட்டோம். கொள்கையாவது ஒண்ணாவது... கையில காசு இல்ல பாஸ், அவ்வளவுதான்!

எங்க டைட்டில், 'ஹாஸ்டல் அவுட்பாஸ் சிஸ்டம்'. லேடீஸ் ஹாஸ்டல் மக்களுக்கு விளக்கமே தேவையில்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா, வார்டன் மேடம் ரூம் வாசல்ல பெரிய க்யூ நிக்கும். நோட்டுல பேர் எழுதணும், வீட்டுக்கு போன் போட்டுக் கேட்பாங்க, அப்புறம்தான் கையெழுத்து. நம்ம முறை வர்றதுக்குள்ள ஊருக்குப் போற பஸ் போயே போயிடும். அது ஒரு வேதனை. இன்னொண்ணு, ஊருக்குப் போற நாட்களுக்கு மெஸ் பில்லுல கழிவு உண்டு. ஆனா, அது வேற நோட்டு. அவுட்பாஸ் நோட்டுல ஏறின பேர் மெஸ் நோட்டுல ஏறாம விட்டுப்போச்சுன்னா, சாப்பிடாத சாப்பாட்டுக்குக் காசு கட்டணும். எங்க அரியர் தோழி அப்படி ரெண்டு தடவை கட்டியிருக்கா.

ரெண்டு நோட்டையும் ஒண்ணாக்கணும். இதான் ப்ராஜெக்ட். லேப்ல நெட்பீன்ஸ் இருந்துச்சு. நூல் பிடிச்ச மாதிரி கிளம்பிட்டோம்.

ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக்!

'என்டர்பிரைஸ்'ங்கிற வார்த்தையைக் கேட்டு மிரண்டுடாதீங்க. ஒரே நேரத்துல நிறைய பேர் உபயோகிக்கிற, பின்னாடி ஒரு டேட்டாபேஸ் இருக்கிற, கணக்குத் தப்பவே கூடாத சாஃப்ட்வேர். பேங்க், இன்ஷூரன்ஸ், டிக்கெட் புக்கிங்னு எல்லாம் இந்த வகைதான். இதுல எல்லாருக்கும் பொதுவா சில வேலைகள் இருக்கும். டேட்டாபேஸ் கனெக்‌ஷனைப் பார்த்துக்கிறது, யார் உள்ளே வரலாம்னு செக் பண்றது, பாதியில அறுந்துபோன வேலையைப் பழைய நிலைமைக்குக் கொண்டுவர்றது... இதையெல்லாம் ஒவ்வொரு புரோகிராமரும் தனித்தனியா எழுத வேண்டாம், சர்வரே பார்த்துக்கட்டும்ங்கிறதுதான் ஐடியா. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999 டிசம்பர்ல இதை 'ஜே2ஈஈ'ன்னு வெளியிட்டாங்க.

ஐடியா சூப்பர்தான். ஆனா, ஆரம்பத்துல எழுதுறது பெரிய அவஸ்தை. ஒரு குட்டி பீனுக்கு ரெண்டு இன்டர்ஃபேஸ், ஒரு கிளாஸ், அதுக்கு மேல எக்ஸ்.எம்.எல். ஃபைல். 2006-ல வந்த ஜாவா ஈஈ 5-தான் சுமையைக் குறைச்சுது. கிளாஸ் தலைக்கு மேல '@' போட்டு ஒரு வார்த்தை எழுதினா போதும், மீதியை சர்வர் புரிஞ்சுக்கும். அந்த ஒட்டு வார்த்தைக்குப் பேர்தான் அனோட்டேஷன்.

நெட்பீன்ஸ் கதை இன்னும் ஜோர். 1996-ல செக் நாட்டு பிராக் நகரத்துல, சார்லஸ் யுனிவர்சிட்டி ஸ்டூடன்ட்ஸ் செஞ்ச ஒரு ப்ராஜெக்ட் அது! அப்போ அதுக்குப் பேர் 'எக்ஸெல்ஃபி'. 1999-ல சன் அதை வாங்கினாங்க, 2000-ல ஓப்பன் சோர்ஸ் ஆக்கினாங்க. 2010-ல சன்னையே ஆரக்கிள் வாங்கினப்போ இதுவும் கூடவே போச்சு. 2016-ல ஆரக்கிள் இதை அப்பாச்சிக்குக் கொடுக்க முடிவு பண்ணினாங்க. இப்போ இதோட முழுப் பேர் அப்பாச்சி நெட்பீன்ஸ். நம்ம மாதிரி பசங்க காலேஜ்ல செஞ்ச ஒண்ணு, உலகம் முழுக்க லேப்ல ஓடுது. மாடிப்படி ஏறாம திரும்பினது எவ்வளவு நல்லதுன்னு அதைப் படிச்சப்போதான் எனக்குத் தோணுச்சு.

கிளிக்... கிளிக்... ஆஹா!

முதல் நாள் செம ஜாலி. ஃபைல், நியூ ப்ராஜெக்ட், மேவன், வெப் அப்ளிகேஷன். பேர் கொடு, சர்வரைத் தேர்ந்தெடு, ஃபினிஷ். மேலே ஒரு பச்சை முக்கோணம் இருக்கும், அதான் ரன் பட்டன். அழுத்தினோம். கீழே ஏதேதோ எழுத்து கடகடன்னு ஓடுச்சு. பிரவுஸர் தானா திறந்து 'ஹலோ வேர்ல்டு'ன்னு காட்டுச்சு. கைதட்டல், விசில்!

அந்த ஒரு கிளிக்ல என்னென்ன நடந்துச்சுன்னு அன்னிக்கு எங்களுக்குத் தெரியாது. இப்போ தெரியும், அதனால உங்களுக்குச் சொல்றேன். ஒண்ணு, தேவையான லைப்ரரிகளை மேவன் நெட்ல இருந்து இறக்கும் (முதல் தடவை ஹாஸ்டல் வை-ஃபையில ஒரு குளியலே போட்டுட்டு வரலாம்). ரெண்டு, ஜாவா ஃபைல்களை கம்பைல் பண்ணும். மூணு, எல்லாத்தையும் சேர்த்து 'வார்'ங்கிற ஒரே மூட்டையாக் கட்டும். நாலு, கிளாஸ்ஃபிஷ் சர்வர் தூங்கிட்டிருந்தா எழுப்பும். அஞ்சு, மூட்டையை சர்வர்ல கொண்டுபோய் இறக்கும். இதுக்குப் பேர் டிப்ளாய். ஆறு, பிரவுஸரைத் திறக்கும்.

ஆறு வேலை, ஒரு பட்டன். ஆறுல எது சொதப்பினாலும் நமக்கு ஒரே மாதிரிதான் தெரியும், 'ரன் ஆகலை'. ஆறும் தெரிஞ்சவங்களுக்குத்தான் எங்கே அடைச்சிருக்குன்னு தேடத் தெரியும்.

உதாரணத்துக்கு ஒண்ணு. எங்க லேப்ல சில மெஷின்ல சர்வர் எழுந்திருக்கவே மாட்டேன்னுச்சு. நாங்க நெட்பீன்ஸை அழிச்சு, திரும்ப போட்டு, திரும்ப அழிச்சு... ஒரு மதியமே போச்சு. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் வந்து பார்த்துட்டுச் சிரிச்சார். ''ஆரக்கிள் எக்ஸ்.இ. இருக்கும்மா. ரெண்டும் 8080 போர்ட்டுக்கு அடிச்சுக்குது''ன்னார். பழைய 10ஜி, 11ஜி எக்ஸ்.இ. போட்ட மெஷின்ல அதோட வெப் பக்கம் 8080-லதான் உட்கார்ந்திருக்கும். கிளாஸ்ஃபிஷ்ஷும் டாம்கேட்டும் கேட்கிறதும் அதே 8080. ஒரே சீட்டுக்கு ரெண்டு டிக்கெட்! ஒருத்தர் நம்பரை மாத்தினா போதும், பிரச்னை க்ளோஸ்.

ஹாஸ்டல் ஆபீஸே சர்வர்!

சர்வர் உள்ளே என்ன நடக்குதுன்னு புத்தகத்துல படிச்சா தலை சுத்தும். நாங்க எங்க ஹாஸ்டலை வெச்சே புரிஞ்சுக்கிட்டோம்.

கேட்ல நிக்கிற வாட்ச்மேன் அண்ணன்தான் சர்வ்லெட். வெளியில இருந்து யார் வந்தாலும் முதல்ல அவர்கிட்டதான் பேசணும். அவர் முடிவு எதுவும் எடுக்க மாட்டார், விஷயத்தை வாங்கி உள்ளே அனுப்புவார். உள்ளே இருக்கிற ஆபீஸ் அக்காதான் செஷன் பீன். 'மூணு நாளுக்கு மேல போனா ஹெச்.ஓ.டி. கையெழுத்து வேணும்' மாதிரி ரூல்ஸ் எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க கையில இருக்கிற நோட்டுல ஒரு வரி, அதான் என்டிட்டி. ஒரு ஸ்டூடன்ட்டுக்கு ஒரு வரி, ஒரு அவுட்பாஸுக்கு ஒரு வரி. நோட்டை வெச்சுப் பூட்டுற பீரோதான் டேட்டாபேஸ். இந்த ஆபீஸ் கட்டடமே அப்ளிகேஷன் சர்வர். கரன்ட், நாற்காலி, சாவி எல்லாம் கட்டடம் பார்த்துக்கும், அக்கா தன் வேலையை மட்டும் பார்த்தா போதும்.

வாட்ச்மேனே பீரோவைத் திறந்து நோட்டுல எழுத ஆரம்பிச்சா எப்படி இருக்கும்? எங்க முதல் கோடு அப்படித்தான் இருந்துச்சு. சர்வ்லெட்டுக்குள்ளேயே எஸ்.க்யூ.எல். எல்லாம் திணிச்சு வெச்சிருந்தோம். ஓடும். ஆனா, ரூல் ஒண்ணு மாறினா ஏழு இடத்துல தேடணும். பிரிச்சு எழுதினப்புறம் ஒரே இடம்.

பிரிச்சு எழுதுறதுக்கும் நெட்பீன்ஸே விசார்டு கொடுக்கும். என்டிட்டிக்கு ஒரு விசார்டு, அதுக்கு ஏத்த செஷன் பீனுக்கு ஒரு விசார்டு, நாலு ஸ்கிரீனைக்கூட அதுவே வரைஞ்சு கொடுக்கும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். நாங்க எழுதாத ஃபைல்களோட எண்ணிக்கை, நாங்க எழுதின ஃபைல்களைத் தாண்டிப் போச்சு. அப்போ அது சந்தோஷமா இருந்துச்சு!

ரிவ்யூவில் விழுந்த அடி

முதல் ரிவ்யூ. முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து எங்க ஃப்ளோர்ல இருக்கிற 38 பொண்ணுங்க பேர், ரூம் நம்பர், அப்பா போன் நம்பர் எல்லாம் டைப் பண்ணி ஏத்தியிருந்தோம். லிஸ்ட் பேஜ் பளபளன்னு இருந்துச்சு. காலையில ஹெட்டிங்ல ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் கண்ல பட்டுது. திருத்தி வெச்சேன்.

மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்க. ''ரன் பண்ணும்மா''ன்னார் நடுவுல இருந்த சார். பச்சை முக்கோணத்தை அழுத்தினேன். பேஜ் வந்துச்சு. ஹெட்டிங் கரெக்ட்டா இருந்துச்சு. அதுக்குக் கீழ... ஒண்ணுமே இல்லை. 38 பேரும் மாயம்!

''டேட்டா எங்கம்மா?''

''நேத்து ராத்திரி இருந்துச்சு சார்...''

பின்னாடி உட்கார்ந்திருந்த அடுத்த டீம் சிரிச்சுது. சார் சிரிக்கலை. ப்ராஜெக்ட் ஃபைல்களை ஒவ்வொண்ணா திறந்து பார்த்தார். 'பெர்சிஸ்டன்ஸ்'னு பேர் இருக்கிற ஒரு எக்ஸ்.எம்.எல். ஃபைல்ல நிறுத்தினார்.

''இதுல என்ன எழுதியிருக்கீங்க?''

''அது... நாங்க எழுதலை சார். நெட்பீன்ஸ் போட்டது.''

''அப்போ மார்க்கையும் நெட்பீன்ஸுக்கே போட்டுடட்டுமா?''

அதோட விட்டிருக்கலாம். கிளம்பும்போது இன்னொண்ணு சொன்னார். ''காசு கொடுத்து வாங்கிட்டு வர்றவங்களுக்கும் உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. உங்களுக்கும் தெரியலை. வித்தியாசம் என்னம்மா?''

எனக்கு பதில் தெரியலை. உங்களுக்குத் தெரியுமா?

நாலு அரியர்காரி கண்டுபிடிச்சா!

ரூமுக்கு வந்து நானும் ரூம்மேட்டும் நெட்ல தேடினோம், ஏ.ஐ.கிட்ட கேட்டோம். சுத்திச் சுத்தி புதுசா கோடு கிடைச்சுதே தவிர, டேட்டா ஏன் போச்சுன்னு புரியலை. அரியர் தோழி மட்டும் எங்ககூட தேடலை. லாங் சைஸ் நோட்டு ஒண்ணை எடுத்து, ப்ராஜெக்ட்ல இருந்த ஃபைல்களை ஒவ்வொரு வரியா பார்த்து எழுத ஆரம்பிச்சா. அரியர் எழுதி எழுதி அவளுக்கு வந்த பழக்கம் அது. எழுதிப் பார்த்தாத்தான் மண்டையில ஏறும்பா.

பதினோரு மணி இருக்கும். ''ஏய், இங்க பாருங்கடீ''ன்னா. அந்த பெர்சிஸ்டன்ஸ் ஃபைல்ல, கடைசிக்கு முந்தின வரி. 'டிராப்-அண்ட்-கிரியேட்'னு ஒரு வார்த்தை.

''டிராப்னா டேபிளை அழிக்கிறதுதானே? டி.பி.எம்.எஸ். பேப்பரை மூணு தடவை எழுதினவ நான். இதுகூடவா எனக்குத் தெரியாது?''

அதேதான்! ஒவ்வொரு தடவை டிப்ளாய் ஆகும்போதும் பழைய டேபிளை அழிச்சுட்டுப் புதுசா உருவாக்குன்னு அர்த்தம். நான் ஹெட்டிங் ஸ்பெல்லிங் திருத்திட்டு ரன் கொடுத்தேன் இல்லையா, அந்த நொடியில 38 பேரையும் சர்வர் சொன்ன பேச்சைக் கேட்டுச் சமத்தா அழிச்சிருக்கு. நெட்பீன்ஸ் மேலயும் தப்பு இல்லை. விசார்டுல 'கிரியேட்', 'டிராப் அண்ட் கிரியேட்', 'நன்'னு மூணு சாய்ஸ் காட்டி, எது வேணும்னு கேட்டுச்சு. எதுல புள்ளி இருக்குன்னே பார்க்காம நெக்ஸ்ட் அழுத்தினது நாங்கதான்.

ஆரம்பத்துல டேபிளை தினமும் மாத்திக்கிட்டே இருக்கும்போது 'டிராப்-அண்ட்-கிரியேட்' வசதி. நிஜ டேட்டா ஏத்த ஆரம்பிச்ச உடனே அதை எடுத்துடணும். இது எங்களுக்கு ஹாஸ்டல் ப்ராஜெக்ட்ல ஆச்சு, ரெண்டு மணி நேர டைப்பிங் போச்சு. வேலைக்குப் போன இடத்துல ஆனா?

அன்னிக்கு ராத்திரியே ஒரு ரூல் போட்டோம். விசார்டு உருவாக்குற எந்த ஃபைலா இருந்தாலும், மூணு பேர்ல ஒருத்தர் அதை நோட்டுல எழுதி, மத்த ரெண்டு பேருக்கு வரி வரியா விளக்கணும். விளக்க முடியாத வரி ப்ராஜெக்ட்ல இருக்கக் கூடாது.

ஜாவாஎக்ஸா, ஜகார்த்தாவா?

அந்த ரூல் ஒரே வாரத்துல எங்களைக் காப்பாத்துச்சு. ரூம்மேட் லேப்டாப்ல எடை கம்மியா இருக்கட்டும்னு புது டாம்கேட் 10 போட்டு, லேப்ல எழுதின ஒரு சின்ன சர்வ்லெட்டை மட்டும் அதுல ஓட்டிப் பார்த்தோம். முதல் பேஜ் வந்துச்சு. சப்மிட் அழுத்தினா 404! எடிட்டர்ல ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. கம்பைல் க்ளீன். டிப்ளாய் க்ளீன். ஆனா, சர்வ்லெட்டைக் காணோம்ங்குது.

பழைய நாங்களா இருந்தா எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சிருப்போம். இந்தத் தடவை வரி வரியா போனோம். முதல் வரியிலேயே மாட்டுச்சு. லேப் கோடுல இம்போர்ட் எல்லாம் 'ஜாவாஎக்ஸ்'னு ஆரம்பிச்சுது. புது சர்வர் எதிர்பார்க்கிறது 'ஜகார்த்தா'!

என்ன கதைன்னா, ஆரக்கிள் 2017-ல ஜாவா ஈஈ-யை எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்குக் கொடுக்கிறதா அறிவிச்சாங்க. 'ஜாவா'ங்கிற டிரேட்மார்க் மட்டும் ஆரக்கிள்கிட்டயே இருந்துச்சு. அதனால 2018-ல 'ஜகார்த்தா ஈஈ'ன்னு புதுப் பேர் வெச்சாங்க. 2020 டிசம்பர்ல வந்த ஜகார்த்தா ஈஈ 9-ல, பேக்கேஜ் பேர் எல்லாமே 'ஜாவாஎக்ஸ்'ல இருந்து 'ஜகார்த்தா'வுக்கு மாறிடுச்சு. டாம்கேட் 9 வரைக்கும் பழைய பேர், 10-ல இருந்து புதுப் பேர். பழைய பேர்ல கூப்பிட்டா புது சர்வர் திரும்பிக்கூடப் பார்க்காது. சண்டையும் போடாது. அதான் சிவப்புக் கோடு வரலை.

லேப் மேனுவல்ல, சீனியர் கொடுத்த கோடுல, பழைய புத்தகத்துல எல்லாம் ஜாவாஎக்ஸ்தான் இருக்கும். ஏ.ஐ. எங்களுக்கு எழுதிக் கொடுத்த கோடுலகூட ஒரு ஃபைல்ல பழசும் இன்னொரு ஃபைல்ல புதுசும் கலந்து இருந்துச்சு. அதனால இந்த ஒரு வரியை முதல்ல பாருங்க. கூடவே இன்னொண்ணு. டாம்கேட்ல வாட்ச்மேன் மட்டும்தான் உண்டு, ஆபீஸ் அக்கா இல்லை. அதாவது, சர்வ்லெட் ஓடும், ஈ.ஜே.பி. ஓடாது. அதனால நாங்க எல்லா மெஷின்லயும் ஒரே செட்டுக்கு மாறிட்டோம். ஜே.டி.கே. 17, கிளாஸ்ஃபிஷ் 7, ஜகார்த்தா ஈஈ 10.

'வேலைக்குப் போற இடத்துல எல்லாம் ஸ்பிரிங் பூட் கேட்கிறாங்களே, இதைப் படிச்சு என்ன பண்றது?'ன்னு கேட்கிறீங்களா? 2022 நவம்பர்ல வந்த ஸ்பிரிங் பூட் 3-உம் இதே ஜகார்த்தா பேர்களுக்குத்தான் மாறுச்சு. சர்வ்லெட், என்டிட்டி, டிரான்ஸாக்‌ஷன்னு அங்கேயும் இதே ஆட்கள்தான், யூனிஃபார்ம் மட்டும் வேற.

மெஸ் பில் கணக்கு

இப்போ மெயின் மேட்டர். அவுட்பாஸ் அப்ரூவ் ஆகணும், அதே நொடியில மெஸ் பில்லுல அந்த நாட்கள் கழியணும். ரெண்டும் நடக்கணும், இல்லைன்னா ரெண்டுமே நடக்கக் கூடாது. இதுக்குப் பேர்தான் டிரான்ஸாக்‌ஷன். செஷன் பீன்ல ஒரு மெத்தட் எழுதினா, சர்வர் தானாவே அதைச் சுத்தி ஒரு டிரான்ஸாக்‌ஷன் போட்டுடும். நாம தனியா எதுவும் எழுத வேண்டாம்.

'தானாவே'ன்னா சும்மா நம்பிடலாமா? அடிபட்ட குடும்பமாச்சே! சோதிச்சுப் பார்த்தோம். அவுட்பாஸை சேவ் பண்ணின அடுத்த வரியில, பில்லைத் தொடுறதுக்கு முன்னாடி, வேணும்னே ஒரு ரன்டைம் எக்ஸெப்ஷனைத் தூக்கிப் போட்டோம். டேபிளைப் பார்த்தா அவுட்பாஸும் இல்லை. ரோல்பேக் ஆகியிருக்கு. சபாஷ்!

அப்புறம் அரியர்காரி ஒரு கேள்வி கேட்டா. ''இதே இடத்துல செக்டு எக்ஸெப்ஷன் போட்டா என்ன ஆகும்?'' போட்டோம். அவுட்பாஸ் பதிவாயிடுச்சு. பில் கழியலை! அதாவது, அவ ரெண்டு தடவை ஏமாந்த அதே கதை, இந்தத் தடவை கம்ப்யூட்டர்ல!

காரணம் இதான். ஈ.ஜே.பி.யில ரன்டைம் எக்ஸெப்ஷன் வெளியே வந்தா, சர்வர் தானா ரோல்பேக் பண்ணும். செக்டு எக்ஸெப்ஷன் வந்தா, 'இது உங்க ஆபீஸ் ரூல் சம்பந்தப்பட்ட விஷயம், நீங்களே பார்த்துக்கோங்க'ன்னு இருந்ததை அப்படியே சேவ் பண்ணிடும். ரோல்பேக் வேணும்னா நாமதான் அனோட்டேஷன்ல சொல்லணும். எக்ஸெப்ஷனை நாமளே கேட்ச் பண்ணி வெறுமனே பிரின்ட் போட்டு அமுக்கினாலும் இதே ஆபத்து இருக்கு. சர்வருக்கு விஷயமே போய்ச் சேராது.

விசார்டு கொடுத்த கோடுல இதெல்லாம் இருக்காது. நம்ம மெஸ் நோட்டு எங்கே வலிக்கும்னு அதுக்கு எப்படித் தெரியும்? சாப்பிடாத சாப்பாட்டுக்குக் காசு கட்டினவளுக்குத்தான் தெரியும்.

மறுபடியும் அதே சார்

ரெண்டாவது ரிவ்யூ. அதே சார், நடு சீட். இந்தத் தடவை ரன் பண்ணச் சொல்லலை. ''அந்த பெர்சிஸ்டன்ஸ் ஃபைலை டெலிட் பண்ணு''ன்னார். பண்ணினேன். ''இப்போ திரும்ப எழுதுங்க. விசார்டு இல்லாம.''

நானும் ரூம்மேட்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அரியர்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா. எழுதினா. ஒரு இடத்துல டேக் மூட மறந்தா, சிவப்பா வந்துச்சு, அவளே பார்த்துச் சரிபண்ணினா. டேபிள் பத்தின வரி வந்தப்போ, ''இங்க 'நன்' சார். டேபிளை நாங்க கையால உருவாக்கிட்டோம். டேட்டா இருக்கு, யாரும் தொடக் கூடாது''ன்னா. ரன் கொடுத்தா. 38 பேரும் அப்படியே இருந்தாங்க.

சார் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். மார்க் எவ்வளவுன்னு கேட்காதீங்க, இன்னும் வரலை. வார்டன் மேடம் எங்க சிஸ்டத்தைப் பார்த்து, ''நல்லாயிருக்கு. ஆனா, நோட்டும் பக்கத்துல இருக்கட்டும்''னுட்டாங்க. அதனால இப்போ வெள்ளிக்கிழமை க்யூ அப்படியேதான் இருக்கு. ஆனா, மெஸ் பில் கழிவு கணக்கு மட்டும் எங்க லிஸ்ட்டைப் பார்த்துத்தான் போடுறாங்க. அந்தக் கணக்குல இந்த மாசம் யார் பேரும் விட்டுப்போகலை.

சார் கேட்ட கேள்விக்கு இப்போ எங்ககிட்ட பதில் இருக்கு. வாங்கின ப்ராஜெக்ட்டை அழிச்சா, திரும்ப காசு கொடுத்துத்தான் வாங்கணும். எங்களோடதை அழிச்சா, நாங்க திரும்ப எழுதுவோம். நெட்பீன்ஸ் விசார்டை உபயோகிக்கிறது தப்பே இல்லை. அது இல்லைன்னாலும் எழுதத் தெரியணும், அவ்வளவுதான்.

இந்த வார ஹோம்வொர்க்!

1. புது வெப் ப்ராஜெக்ட் ஒண்ணை உருவாக்குங்க. ரன் அழுத்துறதுக்கு முன்னாடி நான் சொன்ன ஆறு வேலையையும் பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க. அவுட்புட் விண்டோவுல எது எப்போ நடக்குதுன்னு டிக் போடுங்க.

2. மூட்டை கட்டின 'வார்' ஃபைலை ஜிப் மாதிரி திறந்து பாருங்க. உள்ளே என்னதான் இருக்குன்னு ஒருதடவை பார்த்துட்டா பயம் போயிடும்.

3. 404 வந்தா, பேஜோ சர்வ்லெட்டோ அந்த முகவரியில இல்லைன்னு அர்த்தம். முகவரியையும் டிப்ளாயையும் பாருங்க. 500 வந்தா, வந்து சேர்ந்தாச்சு, உள்ளே ஏதோ உடைஞ்சிருக்கு. சர்வர் லாகைப் பாருங்க.

4. நீளமா எர்ரர் வந்தா மேல இருந்து படிச்சு மலைக்காதீங்க. கடைசியா வர்ற 'காஸ்டு பை' வரிக்குப் போங்க. அதுக்குக் கீழ உங்க பேக்கேஜ் பேர் முதல்ல எங்க வருதோ, அந்த வரியில இருந்து தேட ஆரம்பிங்க.

5. இம்போர்ட் வரிகளைப் பாருங்க. ஜாவாஎக்ஸா, ஜகார்த்தாவா? சர்வர் எந்தப் பக்கம்னு பார்த்து ஒரே பக்கமா நில்லுங்க. ஆனா, ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. ஸ்விங், எஸ்.க்யூ.எல். மாதிரி ஜாவாவோட சொந்தச் சரக்குல ஜாவாஎக்ஸ் அப்படியேதான் இருக்கு, அதையும் சேர்த்து மாத்திடாதீங்க!

6. டீம்ல ரொம்ப மெதுவா படிக்கிற ஆள் யாரோ, அவங்ககிட்ட விசார்டு போட்ட ஃபைல்களைக் கொடுத்து எழுதச் சொல்லுங்க. எங்களுக்கு அது வொர்க்அவுட் ஆச்சு!

அடுத்த வாரம், வைவாவுல 'தெரியாது சார்'னு சொல்றது எப்படிங்கிற பெரிய கலையைப் பத்திப் பேசுவோம். அதுவரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு நெக்ஸ்ட் அழுத்தாதீங்க மக்களே, பை!